அரசாங்கப் பணித் தேர்வுக்கு வரலாறு: எதைப் படிப்பது, எதை விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டப்படிப்பை முடித்துவிட்டு நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவிக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்காக எழுதியது இது. பி.டி.டி. என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பொதுச் சேவை ஆணையமான எஸ்.பி.ஏ. நடத்தும் தேர்வு, பிறகு மதிப்பீட்டு மையம், அதன் பின் நேர்முகம் என்று கட்டம் கட்டமாக வடிகட்டுவார்கள். செந்தூலிலும் பட்டர்வொர்த்திலும் படிப்புக் குழுக்களோடு உட்காரும்போது, வரலாற்றுப் பகுதி பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வரலாறு என்று தனித் தாள் இருக்கிறதா?

இல்லை. மலேசியாவைப் பற்றிய பொது அறிவுக் கேள்விகளோடு வரலாறு கலந்து வரும். அரசியல் சட்டம், அரசாங்க அமைப்பு, ருக்குன் நெகாரா, தேசியக் கொள்கைகள், வெளியுறவு என்று எதைத் தொட்டாலும் அடியில் வரலாறு இருக்கும். கட்டுரையிலும் நேர்முகத்திலும் அது மறுபடி தலை காட்டும். தேர்வின் அமைப்பு ஆள்சேர்ப்புக்கு ஆள்சேர்ப்பு மாறியிருக்கிறது. அதனால் உங்களுக்கு வந்த எஸ்.பி.ஏ. அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டுத்தான் புத்தகக் கடைக்குப் போக வேண்டும்.

முதலில் எந்தப் புத்தகத்தை எடுப்பது?

நான்காம், ஐந்தாம் படிவ வரலாற்றுப் பாடநூல்கள். பட்டதாரிகளிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது, "மறுபடியும் ஸ்கூல் புக்கா?" என்கிறார்கள். ஆமாம், ஸ்கூல் புக்தான். அரசாங்கம் இந்த நாட்டின் கதையை எந்த வரிசையில், எந்தச் சொற்களில் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி கிடையாது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கே.எஸ்.எஸ்.எம். என்னும் புதிய இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டத்தில் முதல் எஸ்.பி.எம். 2021-ஆம் ஆண்டுக்கானது; தேர்வு நடந்தது 2022 தொடக்கத்தில். அதற்கு முன் எஸ்.பி.எம். எழுதியவர் என்றால் நீங்கள் படித்தது வேறு புத்தகம். பழைய நான்காம் படிவ நூல் பெரும்பாலும் நாகரிகங்களையும் இஸ்லாமிய வரலாற்றையும் பேசியது. புதிய நூல் நேராக நம் நாட்டுக்கு வந்துவிடுகிறது: தேசிய எழுச்சி, ஜப்பானியர் ஆட்சி, மலாயன் யூனியன், 1948 கூட்டரசு, அவசரகாலம், தேர்தல், அரசியல் சட்டம், சுதந்திரம். ஐந்தாம் படிவ நூல் நாட்டின் இறையாண்மையில் தொடங்கி, அரசியல் சட்டம், மன்னராட்சியும் நாடாளுமன்றமும், கூட்டரசு அமைப்பு, மலேசியா உருவான விதம் என்று போய் வெளியுறவுக் கொள்கை வரை வருகிறது. கிட்டத்தட்ட ஒரு அதிகாரியின் வேலைக்கான அடிப்படைப் பாடம் அது. மின்பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய எஸ்.பி.எம். நினைவை நம்பி இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள்.

இரண்டாம், மூன்றாம் படிவ நூல்களை மலாக்கா சுல்தானகம், மேற்கத்திய வல்லரசுகளின் வருகை ஆகியவற்றுக்காக ஒரு முறை வாசித்தால் போதும்.

கடையில் வாங்கும் வழிகாட்டி நூல், கேள்வித் தொகுப்பு எல்லாம் தேவையா?

பயிற்சிக்கு ஒன்று போதும், நான்கு வேண்டாம். ஆனால் அந்த ஒன்றைச் சோதித்து வாங்குங்கள். அட்டையில் "சமீபத்திய பதிப்பு" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்காமல், கடையிலேயே நின்று சில பக்கங்களைப் புரட்டுங்கள்.

பினாங்கு எப்படிக் கைமாறியது என்பதைச் சொல்லும் பக்கத்தை எடுங்கள். "1786-இல் கெடா சுல்தான் பினாங்கைப் பிரான்சிஸ் லைட்டுக்குக் கொடுத்தார்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால், புத்தகத்தை அடுக்கிலேயே வைத்துவிடலாம். சுல்தான் அப்துல்லா சயாமின் மிரட்டலுக்கு எதிராக ராணுவ உதவி கேட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி தீவை எடுத்துக்கொண்டதே ஒழிய அந்த வாக்குறுதியைத் தரவில்லை. 1791-இல் தீவை மீட்கச் சுல்தான் முயன்றார், முடியவில்லை. அந்த ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று பேசினார்கள். 1800-இல் எதிர்க்கரையும், அதாவது இன்றைய செபராங் பிறையும், போனது. தொகை 10,000 ஆனது. இந்தச் சங்கிலியைச் சொல்கிற புத்தகம், காரணத்தையும் விளைவையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்த புத்தகம். ஜார்ஜ்டவுனில் வளர்ந்து, கார்ன்வாலிஸ் கோட்டையைத் தினமும் கடந்து போன பிள்ளைக்குக் கூட 1791 தெரியாமல் இருப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

அடுத்து 1963. "மலேசியா 1957-இல் சுதந்திரம் பெற்றது" என்று எழுதியிருக்கிறதா? 1957 ஆகஸ்ட் 31-இல் விடுதலை பெற்றது மலாயாக் கூட்டரசு. மலேசியா பிறந்தது 1963 செப்டம்பர் 16-இல். முதலில் குறித்த நாள் ஆகஸ்ட் 31 தான். சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை ஐ.நா. குழு அறிந்து சொல்ல வேண்டியிருந்ததால் நாள் தள்ளிப்போனது. இந்த விளக்கம் இல்லாத நூல், கிழக்கு மலேசியாவை ஓரத்துக் குறிப்பாகத்தான் பார்க்கிறது என்று அர்த்தம். தேர்வு அப்படிப் பார்க்காது.

புத்தகம் புதியதா, பழைய சரக்குக்குப் புது அட்டை போட்டதா என்பதையும் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். வாக்களிக்கும் வயது 21 என்று இருந்தால் பழையது. 18 வயது நடைமுறைக்கு வந்தது 2021 டிசம்பர் 15-இல். கட்சித் தாவலைத் தடுக்கும் 49ஏ விதி அரசியல் சட்டத்தில் சேர்ந்தது 2022-இல். பி.டி.டி. பதவியை இன்னும் எம்41 என்று எழுதியிருந்தால், 2024 டிசம்பரில் புதிய சம்பள முறை வந்து அது எம்9 ஆனதைப் பதிப்பாளர் பார்க்கவில்லை.

கேள்வித் தொகுப்பை மட்டும் மனப்பாடம் செய்தால் ஆகாதா?

ஆகாது. "மலாயன் யூனியன் தொடங்கிய தேதி எது?" என்ற கேள்விக்கு 1946 ஏப்ரல் 1 என்று பதில் சொல்லிவிடுவீர்கள். அது ஏன் எதிர்க்கப்பட்டது என்று கட்டுரையில் கேட்டால்? சுல்தான்களின் அதிகாரம் பறிபோனது, குடியுரிமை தாராளமாக்கப்பட்டது, பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி ஹரோல்ட் மேக்மைக்கேல் ஒவ்வோர் அரண்மனையாகப் போய்க் கையெழுத்து வாங்கிய விதம், அதே ஆண்டு மே மாதம் அம்னோ பிறந்தது, 1948 பிப்ரவரி 1-இல் மலாயாக் கூட்டரசு அதன் இடத்தைப் பிடித்தது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகச் சொல்லத் தெரிய வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து பழகியவருக்கு அது வராது.

அரசியல் சட்டத்தை மூல வடிவிலேயே படிக்க வேண்டுமா?

கட்டாயம் படிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கூட்டரசு அரசியல் சட்டத்தில் 183 விதிகள். எல்லாவற்றையும் படிக்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற விதிகளை நீங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். சுருக்கக் குறிப்புகள் பாதியை விழுங்கிவிடுகின்றன. 153-ஆவது விதியையே எடுத்துக்கொள்வோம். மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் சிறப்பு நிலையைக் காப்பது பேரரசரின் பொறுப்பு என்பது எல்லாக் குறிப்பிலும் இருக்கும். அதே வாக்கியத்தில் மற்றச் சமூகங்களின் நியாயமான நலன்களையும் காக்க வேண்டும் என்று இருப்பது பல குறிப்புகளில் இருக்காது. 152-ஆவது விதியும் அப்படித்தான்: தேசிய மொழி மலாய், கூடவே, அதிகாரப்பூர்வக் காரியங்களைத் தவிர்த்து வேறு எந்த மொழியைப் பயன்படுத்தவும், கற்கவும், கற்பிக்கவும் தடையில்லை என்ற வரியும் உண்டு. 3-ஆவது விதி இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்கிறது. பிற சமயங்களை அமைதியோடும் நல்லிணக்கத்தோடும் பின்பற்றலாம் என்றும் சொல்கிறது.

தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்கு 152-ஆவது விதியின் இரண்டாம் பாதி தெரியாமல் இருக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நேர்முகத்தில் இந்த விதிகளைப் பற்றிக் கேட்டால், கோபமும் தயக்கமும் இல்லாமல் சட்டம் சொல்வதை முழுதாகச் சொல்ல முடிகிறவருக்கே மரியாதை.

வாங்கும் பதிப்பில் 1-ஆவது விதியின் இரண்டாம் உட்பிரிவைப் பாருங்கள். சபா, சரவாக் தொடர்பாக 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு பதிப்பு கேளுங்கள்.

பழைய புத்தகங்களை வாங்கலாமா? சௌராஸ்தா மாடியில் மலிவாகக் கிடைக்கிறதே?

தாராளமாக வாங்கலாம். பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் எஸ்.டி.பி.எம். வரலாற்று நூல்கள் கிடைத்தால் விடாதீர்கள். எஸ்.பி.எம். நூல் ஒரு பத்தியில் முடிப்பதை அவை ஒரு அத்தியாயமாக விரிக்கின்றன. 1874 பங்கோர் உடன்படிக்கை இருபது வருடத்துக்கு முந்திய நூலிலும் அதேதான்: மலாய்ச் சமயம், வழக்காறு தவிர மற்ற எல்லாவற்றிலும் பேராக் சுல்தான், ரெசிடென்ட் எனும் பிரிட்டிஷ் ஆலோசகரின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். மறு ஆண்டே பாசிர் சாலாக்கில் முதல் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டதும் மாறப்போவதில்லை.

சுதந்திரத்துக்கு முந்திய பகுதிக்குப் பழைய நூல், அரசியல் சட்டத்துக்கும் கொள்கைகளுக்கும் புதிய நூல் என்று வைத்துக்கொள்ளலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. பூஜாங் பள்ளத்தாக்குப் பகுதியில் சுங்கை பத்து அகழாய்வு 2009-க்குப் பிறகுதான் சூடு பிடித்தது. அங்கு கண்டெடுத்த இரும்பு உருக்குத் தொழிலின் தடயங்கள் பழைய நூல்களில் இருக்காது.

தமிழில் படித்துவிட்டுத் தேர்வு எழுதலாமா?

புரிந்துகொள்ளத் தமிழ், பதில் எழுத மலாய். குழுவில் தமிழில் விவாதித்தால் காரண காரியம் வேகமாகப் பிடிபடும். ஆனால் குறிப்பேட்டில் சொற்கள் பாடநூலில் உள்ளபடி மலாயில் இருக்கட்டும். தேர்வு அறையில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இருந்தால்தான் விண்ணப்பமே போடலாம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

நம் சமூகத்தின் வரலாற்றை எவ்வளவு படிக்க வேண்டும்? பாடநூலில் கொஞ்சம்தானே வருகிறது?

மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால் பாடநூலில் உள்ளது போதும். ஆனால் நான் அதோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். நேர்முகத்தில் "நாட்டின் வளர்ச்சியில் இந்தியர்களின் பங்கு என்ன?" என்று கேட்டால், "ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தார்கள், ரோடு போட்டார்கள்" என்று நிறுத்திக்கொள்கிற பட்டதாரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தாத்தா பாட்டி உழைப்பை அவ்வளவு சிறிதாகச் சொல்லக் கூடாது.

தேசிய வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் நம்மவர் எங்கே இருந்தார்கள் என்று பொருத்திப் படியுங்கள். ரப்பர் விரிந்தபோது ஆட்கள் எப்படி வந்தார்கள்? ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1907-இல், தமிழ்க் குடியேற்ற நிதி தொடங்கியது. தோட்டத்துக் கங்காணியே ஊருக்குப் போய் ஆள் திரட்டி வரும் கங்காணி முறை கோலோச்சியது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்துக்குத் தடை போட்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தம் நடந்தது. ஜப்பானியர் காலத்தில் ஒரு பக்கம் சயாம் மரண ரயில் பாதை, மறுபக்கம் 1943-இல் நேதாஜி வந்த பிறகு எழுந்த ஜான்சி ராணிப் படை. அதில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் பின்னாளில் நம் மேலவை உறுப்பினர். 1946-இல் ஜான் திவி தலைமையில் ம.இ.கா.; 1949-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, 1955 தேர்தலில் கூட்டணி வென்ற 51 இடங்களில் ம.இ.கா.வுக்கு இரண்டு, 1960-இல் தோட்டத் துண்டாடலுக்கு நடுவே துன் சம்பந்தன் கட்டியெழுப்பிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்.

இப்படிப் பார்த்தால் நம் கதை, நாட்டின் கதைக்கு உள்ளேயே நடக்கிறது. ஆழமாகப் போக விரும்பினால் கெர்னியல் சிங் சந்து 1969-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இருக்கிறது, 1786 முதல் 1957 வரையிலான இந்தியக் குடியேற்றத்தைப் பற்றியது. ஆங்கிலத்தில்தான், கொஞ்சம் கனமானது. பல்கலைக்கழக நூலகத்தில் தேடுங்கள்.

பல்கலைக்கழக அளவிலான பொது வரலாற்று நூல் வேண்டுமா?

ஒன்று போதும். பார்பரா வாட்சன் அண்டாயாவும் லியோனார்ட் அண்டாயாவும் எழுதிய மலேசிய வரலாறு 1982-இல் வந்தது, பிறகு திருத்திய பதிப்புகளும் வந்தன. பாடநூலை முடித்த பிறகு எடுங்கள். முதலிலேயே எடுத்தால் காடு தெரியாமல் மரங்களுக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.

நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்கலாமா?

கோலாலம்பூரில் துன் ரசாக் சாலையில் தேசிய நூலகம் இருக்கிறது. மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரத்தில் கோலாலம்பூர் நூலகம் இருக்கிறது, எல்.ஆர்.டி.யில் மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி நடக்கலாம். மூல ஆவணம் பார்க்க ஆசைப்பட்டால் துவாங்கு அப்துல் ஹலிம் சாலையில் தேசிய ஆவணக் காப்பகம். தேர்வுக்கு அது அவசியமில்லை. பினாங்கில், தீவில் இருப்பவர்களுக்கு கிரீன் லேனில் மின்னிலக்க நூலகம், பெருநிலத்தில் இருப்பவர்களுக்கு செபராங் ஜெயாவில் மாநிலப் பொது நூலகம்.

டெலிகிராமில் வரும் பி.டி.எஃப். குறிப்புகள், ஏ.ஐ. தரும் பதில்கள்?

ஆண்டு, எண், விதி எண் மூன்றையும் பாடநூலோடு ஒப்பிடாமல் எதையும் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். ஒருவர் தப்பாகத் தட்டச்சு செய்த தேதி பத்துக் குழுக்களுக்குப் போய், கடைசியில் "எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்" என்று ஆகிவிடுகிறது. கூட்டு மலாய் மாநிலங்கள் 1895-ஆ 1896-ஆ என்று ஒரு குழுவில் பெரிய சண்டையே நடந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1895, நடப்புக்கு வந்தது 1896. பாடநூலைத் திறந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

1969-க்குப் பிறகு எதைப் பார்த்துப் படிப்பது?

ஐந்தாம் படிவ நூல் அடித்தளம் போட்டுத் தரும்: மே 13 கலவரம், 1970 ஆகஸ்ட் 31-இல் அறிவித்த ருக்குன் நெகாரா, 1971-இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, 1991-இல் அறிவித்த 2020 தூரநோக்கு. அதற்கு மேல் அரசாங்கம் வெளியிடும் திட்ட ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும். 2026 முதல் 2030 வரைக்கான 13-ஆவது மலேசியத் திட்டத்தின் சுருக்கத்தையாவது வாசியுங்கள். ஒவ்வொரு கொள்கைக்கும் எந்தப் பிரச்சினையைத் தீர்க்க வந்தது, எப்போது, அடுத்து எது அதன் இடத்துக்கு வந்தது என்று மூன்று வரி எழுதுங்கள்.

டியூஷன் வகுப்புக்குப் பணம் கட்டலாமா?

கட்டுரைக்கும் நேர்முகத்துக்கும் யாராவது திருத்திக் கொடுப்பார்கள் என்றால் கட்டலாம். வரலாற்றுப் பகுதியை வாசித்துக் காட்டுவதற்கு மட்டும் என்றால் வேண்டாம்.

"என் மகள் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், ஆனால் நமக்கெல்லாம் கிடைக்காது என்று விண்ணப்பமே போடவில்லை. என்ன சொல்வது, ஐயா?"

போடச் சொல்லுங்கள், அம்மா. தகுதியுள்ள குடிமக்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்காதவரை அழைக்க மாட்டார்கள். 1910-இல் மலாய் நிர்வாகப் பணி தொடங்கியதிலிருந்து இந்தச் சேவை யார் யாருக்கு எப்படித் திறந்தது என்பதே படிக்க வேண்டிய வரலாறுதான். மகளிடம் அதையும் படிக்கச் சொல்லுங்கள்.

தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

புதிதாக எதையும் வாங்காதீர்கள். ஐந்தாம் படிவ நூலின் முதல் ஐந்து அத்தியாயங்கள், பிறகு நான்காம் படிவ நூலில் மலாயன் யூனியனிலிருந்து கடைசி வரை. அரசியல் சட்டத்தில் 3, 38, 40, 43, 132, 139, 152, 153, 181 ஆகிய விதிகளை மூலத்திலேயே வாசியுங்கள். 1874-க்கு முந்தியதைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். கடைசி வாரத்தில் ஒரு பெரிய தாளை எடுத்து, 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியதிலிருந்து 1971 வரை எதையும் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து படித்துவிட்டு, மறுநாள் வேறு தாளில் மறுபடி எழுதுங்கள்.